தண்ணி மோட்டார் கிளம்பிய நாள்

சம்பந்தி,

இன்று காலை இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்சி திடீரென்று முனகியது. சுற்றுவது குறைந்தது, அடியிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. ரப்பர் கருகும் வாடை இல்லை, சோறு அடிப்பிடிக்கும் வாடையும் இல்லை. கரியும் செம்பும் ஒன்றோடொன்று உரசிச் சூடேறினால் வருமே, அந்த வாடை. கலா ஓடி வந்து சுவிட்சை அணைத்து, "என்னாம்மா, புகையுது, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்று திட்டினாள். நான் புகையைப் பார்க்கவில்லை. தஞ்சோங் கிளிங் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தேன், உங்களோடு.

அன்று அங்கே இருந்தவர்களை ஒருவர் விடாமல் இன்றும் சொல்வேன். சவுக்கு மரத்தடியில் பீசாங் கோரேங் கடை போட்டு, பெரிய வாணலியில் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்த நீங்கள். லூபோக் சீனாவிலிருந்து கையில் புளிச்சோற்றுத் தூக்கோடு வந்திறங்கிய நான். என்னை மோட்டாரில் ஏற்றி வந்த என் வீட்டுக்காரர். உங்கள் மகன் சேகர். அவரைக் கட்டிய என் மகள் கலா. அவள் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. அதையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன். பிறகு, பொழுது சாயும் நேரத்தில் லாரியோடு வந்து நின்ற உங்கள் தம்பி. நம் ஆட்கள் இவ்வளவு பேர்தான். வேறு யாராவது தானும் அங்கே இருந்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

அதற்கு முன்னால் நமக்குள் பேச்சு எப்படி இருந்தது என்பதை நீங்கள் மறந்திருப்பீர்கள். உங்கள் மனசு அப்படி. நான் மறக்கவில்லை. கலா கல்யாணத்தில் பாயசம் தண்ணீராக ஓடுகிறது என்று சொன்னீர்கள். என் காதில் விழாத தூரத்தில்தான் சொன்னீர்கள், ஆனால் என் அக்கா காதில் விழும் தூரத்தில் சொன்னீர்கள். எங்கள் எஸ்டேட் ஆட்களை இரண்டாம் பந்திக்குத் தள்ளினீர்கள். மறுவீட்டுக்கு வந்தபோது எங்கள் வீட்டு நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தீர்கள். அது சுத்தமான நாற்காலி. இதையெல்லாம் உங்கள் முகத்துக்கு நேராகவே பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறேன். நீங்களும், "ஆமா, தொடச்சேன், இப்ப என்னாங்கிறீங்க?" என்று சிரிப்பீர்கள். ஆனால் அந்த நாள்வரைக்கும் நமக்குள் "சாப்பிட்டாச்சா", "சாப்பிட்டாச்சு" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது.

சேகர் அந்த ஜெட் ஸ்கியை ஓர் ஓட்டல் கழித்துப் போட்டபோது வாங்கி, சாயம் அடித்து, வாரக் கடைசியில் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். உங்கள் வாயில் அந்தப் பேர் நுழையவே இல்லை. நம் ஊரில் இரண்டு சக்கர வண்டிக்கு மோட்டார் என்றுதானே பேர். தரையில் ஓடினால் மோட்டார், தண்ணீரில் ஓடினால் தண்ணி மோட்டார், இதில் என்ன தப்பு என்பீர்கள். உங்களால் அந்தக் கடற்கரை முழுக்கவே அதைத் தண்ணி மோட்டார் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. அந்தப் பேர் அன்றைக்கு நம்மை எவ்வளவு படுத்தியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அது ஒருநாள் நின்றுபோனது. பட்டனை அழுத்தினால் உள்ளேயிருந்து "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரியை மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் டக். உங்கள் தம்பி வந்து சீட்டைத் தூக்கிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, தலையை ஆட்டினாராம். "எஞ்சின் ஜாம்டா மருமவனே. தொறந்தா தொலஞ்ச. இனிமே இது பழைய இரும்புதான். நானே எடுத்துக்கறேன், போ." படகு, லாரி என்று எதையாவது வாங்கி விற்கிற ஆள், அம்மாவோடு கூடப்பிறந்த மாமா, பொய் சொல்வாரா என்று சேகர் நம்பிவிட்டார். அதோடு விட்டாரா உங்கள் தம்பி? சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள், எனக்குத் தெரிந்த ஏஜெண்ட் இருக்கிறான் என்று அதற்கும் வழி சொல்லிக் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் லாரி வந்து ஜெட் ஸ்கியை ஏற்றிக்கொண்டு போகும். திங்கட்கிழமை பாச்சாங்கிலிருந்து கிளம்பும் வேனில் சேகர் ஏறுவார். இதுதான் ஏற்பாடு.

நாங்கள் அந்தச் சனிக்கிழமை வந்தோம். வரும்வரைக்கும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கலா ஒரு பெட்டியில் அவருடைய சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.  என் மகள் அழுகிறவள். சின்ன வயதில் கோழி அறுத்தால்கூட அழுவாள். நான் புளிச்சோற்றைக் கீழே வைத்துவிட்டு நேராக உங்கள் கடைக்கு வந்தேன், சண்டை போடத்தான் வந்தேன். "புள்ளத்தாச்சிய விட்டுட்டு உங்க மவன் கெளம்புறாராமே, நீங்களும் பலகாரம் சுட்டுக் குடுத்து அனுப்புவீங்களோ?" என்று கேட்டேன்.

நீங்கள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாணலியைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "இவன் எட்டு மாசமா வயித்துல இருக்கறப்ப அவங்கப்பா சிங்கப்பூருக்கு பஸ் ஏறினாரு, சம்பந்தி. நாந்தான் போயி ஏத்திவிட்டேன். முறுக்கு சுட்டுக் குடுத்தேன். அந்தாளு அங்கேயே வேற குடும்பம் பண்ணிக்கிட்டாரு. இவன் இன்னைவரைக்கும் அப்பன் மொவத்தப் பாத்ததில்ல." பிறகு கரண்டியைத் தட்டில் போட்டீர்கள். "அவன் அப்பன் போன வழியில இவன ஏத்தி அனுப்ப மாட்டேன். ஆனா என்னா செய்யறதுன்னுதான் தெரியல."

உங்களுக்கு வீட்டுக்காரர் இல்லை என்று தெரியும். செத்துப்போனார் என்றுதான் கல்யாணப் பேச்சில் சொல்லியிருந்தீர்கள். அந்தப் பொய்க்காக நான் உங்கள்மேல் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆச்சரியம், படவில்லை. "மெசின என் கண்ணுல காட்டுங்க" என்றேன்.

நான் ஒன்றும் மெக்கானிக் இல்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். நீங்களும் அப்படித்தான். ஆனால் நமக்கு வாய் இருந்தது, இல்லையா? சேகர் மணலில் கிடந்த அதன் பக்கத்தில் எதிலும் ஒட்டாமல் நின்றுகொண்டிருந்தார். சீட்டைத் தூக்கிக் காட்டினார். நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "எங்க அப்பா படகு எஞ்சின் ஒரு தடவ ஜாம் ஆச்சு. நாலு ஆம்பள கயிறு போட்டு இழுத்தும் அசையல. டேய், இது கையால திரும்புதா பாருடா."

"மாமா ஜாம்னு சொல்லிட்டாரும்மா."

"மாமா சொன்னாரு. கை சொல்லுச்சா? திருப்புடா."

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினுக்குப் பின்னால் போகும் தண்டைப் பிடித்துத் திருப்பினார். அது மாவு பிசைந்ததுபோல மெத்தென்று திரும்பியது. மறுபடி திருப்பினார். நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஜாம் இல்லை. அப்போது உங்கள் தம்பிமேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தெரியாமல் சொல்லிவிட்டார், ஆம்பளைகள் தெரியாததைத்தான் சத்தமாகச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்ததை நான் சொன்னேன். எஸ்டேட் ஃபேக்டரியில் ரப்பர் ஷீட் உருட்டும் இயந்திரத்தில் நான் வேலை செய்தபோது, அதன் மோட்டாரும் சில நாள் இப்படி "டக்" என்று சொல்லிவிட்டு நிற்கும். ஃபிட்டர் வந்து சுத்தியலின் மரப்பிடியால் அதன் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டுவார். கிளம்பிவிடும். "உள்ள கரித்துண்டு தேஞ்சிருக்கு, தட்டினா கொஞ்சம் ஒட்டும்" என்று சொல்வார். அது என் நினைவில் இருந்தது. என் நினைவில் எதுதான் இல்லை?

இதிலும் எஞ்சினைச் சுற்றிக் கிளப்ப ஸ்டாட்டர் என்று ஒரு சின்ன மோட்டார் இருக்கிறதே. ஆனால் அதைச் சேகரிடம் எப்படிச் சொல்வது? மாப்பிள்ளையிடம் மாமியார் நேராகப் பேசுவது எங்கள் குடும்பத்தில் இல்லை. என் அம்மா என் வீட்டுக்காரரிடம் கடைசிவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் சோறு வேணுமான்னு கேளு" என்று என்னிடம் சொல்வார். அவரும், "போதும்னு சொல்லு" என்பார். நானும் கல்யாணம் ஆன நாளிலிருந்து கலா மூலமாகத்தான் சேகரிடம் பேசிவந்தேன். அன்று கலா வெயிலில் நிற்க முடியாமல் உங்கள் கடை நிழலில் உட்கார்ந்திருந்தாள். ஆகவே நான் உங்களிடம் சொன்னேன், நீங்கள் அவரிடம் சொன்னீர்கள். நாள் முழுவதும் இப்படித்தான் நடந்தது. மாப்பிள்ளை ஒரு முழத் தூரத்தில்தான் நின்றார்.

"சுத்தியல் பிடியால ஸ்டாட்டர் மேல தட்டச் சொல்லுங்க."

"டேய், அத்த தட்டச் சொல்றாங்க."

"கேட்டுச்சும்மா."

"கேட்டுச்சுன்னா தட்டேன்டா!"

அவர் தட்டிக்கொண்டே பட்டனை அழுத்தினார். டக், டக், பிறகு "உர்ர்" என்று எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றியது. அப்படியே நின்றது. உள்ளேயிருந்து அந்த வாடை வந்தது. கருகின கரியும் செம்பும். சேகர் முகம் விழுந்துவிட்டது. "ரோசாக் ஆயிடுச்சு அம்மா, முழுசா போயிடுச்சு" என்றார். நானோ குதிக்காத குறை. எஞ்சின் நல்லாயிருக்கு, ஸ்டாட்டர்தான் போயிருக்கு என்று தெரிந்துவிட்டதே! நீங்களும் புரிந்துகொண்டு, என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, பாச்சாங்ல நம்ம பாய் கடைக்குப் போயி தண்ணி மோட்டாருக்கு ஸ்டாட்டர் வாங்கிட்டு ஓடியாங்க" என்று அனுப்பினீர்கள். அவரும் தன் மோட்டாரில் பறந்தார்.

அவர் வருவதற்குள் பழையதைக் கழற்றிவிட வேண்டும். ஸ்டாட்டர், புகைக் குழாய்க்கு அடியில் போய் ஒளிந்துகொண்டிருந்தது. பேட்டரி ஒயரைப் பிரித்து, குழாயைத் தூக்கி எடுத்த பிறகும் சேகர் கை உள்ளே நுழையவில்லை. உங்கள் கையும் நுழையவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டி மெலிந்த என் கை நுழைந்தது. தலையையும் தோளையும் உள்ளே விட்டுக் கவிழ்ந்துகொண்டேன். என் சேலைத் தலைப்பு எண்ணெயில் படாமல் நீங்கள் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டீர்கள். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! வெள்ளைக்காரர் ஒருவர் நின்று படம்கூட எடுத்தார்.

"பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் குடுக்கச் சொல்லுங்க."

"டேய், அத்தைக்குப் பன்னெண்டு."

"கொஞ்சம் மேல தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க."

"டேய் எருமை, தூக்குடா, அத்த கை நசுங்குது!"

நான் எருமை என்று சொல்லவே இல்லை. நான் ஒன்று சொன்னால் அதோடு நீங்கள் ஒன்று சேர்த்துத்தான் அவரிடம் கொடுத்தீர்கள். மாப்பிள்ளையை நான்தான் அப்படித் திட்டுகிறேன் என்று அவர் நினைத்துக்கொள்வாரோ என்று உள்ளே கிடந்து எனக்கு வேர்த்தது. உப்பு தின்ற போல்ட்டு அசைய மாட்டேன் என்றது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தோம், தட்டினோம், மறுபடி ஊறவைத்தோம். கடைசியில் நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் என் கைமேல் உங்கள் கையை வைத்து அழுத்தினீர்கள். "க்ரீச்" என்று கழன்றது. என் விரல் முட்டியில் தோல் போனது. நீங்கள், "ஐயோ, ரத்தம்" என்று சொல்லி உங்கள் முந்தானையைக் கிழித்துக் கட்டினீர்கள். நாற்காலி துடைத்த ஆள்!

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். புத்தம்புது ஸ்டாட்டர். பளபளவென்று, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி. பழையதோ பருத்த புடலங்காய் மாதிரி இருந்தது. பல்லும் வேறு, துளையும் வேறு.

"என்னாண்ணே இது?" என்றீர்கள்.

"ஸ்டாட்டர்தாம்மா. பாய் எந்த மோட்டாருக்குன்னு கேட்டாரு. தண்ணி மோட்டாருக்குன்னேன். தண்ணி போட்டுட்டு ஓட்டுற மோட்டாரான்னு கேட்டுச் சிரிச்சாரு. எனக்கு வெக்கமாப் போச்சு. சும்மா மோட்டார் ஸ்டாட்டர் குடுங்க பாய்னு வாங்கிட்டு வந்துட்டேன்."

"அண்ணே! ஜெட் ஸ்கின்னு சொல்லக் கூடாது?"

"நீங்க ஜெட் ஸ்கின்னு சொல்லி அனுப்பலியேம்மா."

  சரியான ஸ்டாட்டர் கோலாலம்பூரிலிருந்துதான் வரவேண்டும், சொல்லி வைத்தால் பல நாள் ஆகும் என்றும் பாய் சொன்னாராம். சேகர் போய் கலா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து மண்ணை வாரி இறைத்துக்கொண்டு லாரி வந்து நின்றது. உங்கள் தம்பி இறங்கினார். மணலில் பரப்பிக் கிடந்த சாமான்களைப் பார்த்தார். சிரித்தார்.

"என்னாக்கா, அறுத்துப் போட்டுட்டீங்களா? நல்லதாப் போச்சு, ஏத்த லேசா இருக்கும்."

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பழைய ஸ்டாட்டரை எடுத்து, அதன் நீள ஸ்குரூக்களைக் கழற்றினேன். உள்ளே பச்சையாக உப்புப் பூத்திருந்தது. கரித்துண்டுகள் தேய்ந்து நகத்தின் கனத்துக்கு வந்திருந்தன. ஃபிட்டர் சொன்ன அதே கரித்துண்டு. நீங்கள் புதியதை என் வீட்டுக்காரர் கையிலிருந்து பிடுங்கி அதையும் கழற்றச் சொன்னீர்கள். உள்ளே கறுப்பாக, சதுரமாக, முழுசாகக் கரித்துண்டுகள். இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் கொழுக்கட்டைதான், சம்பந்தி. அச்சுதான் வேற" என்றீர்கள்.

"இது பெருசாம்மா, அதுல உக்காராது" என்றார் என் வீட்டுக்காரர்.

"தேச்சா உக்காரும்" என்றேன் நான்.

சேண்ட் பேப்பரை உங்கள் கடைப் பலகையில் விரித்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் நான், மறுபக்கம் நீங்கள். விரலெல்லாம் கரி. உங்கள் தம்பி சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அக்கா, எஞ்சின் செய்றீங்களா, இல்ல கண் மை செய்றீங்களா?"

"உன் பொண்டாட்டிக்கும் ஒரு டப்பா தர்றேன், தள்ளி நில்லுடா. சிகரெட்ட அந்தப் பக்கம் கொண்டு போ, பெட்ரோல் இருக்கு."

"இருட்டறதுக்குள்ள ஏத்தணும்க்கா."

"இருட்டட்டும். உன் லாரிக்குத்தான் லைட்டு இருக்கே."

தேய்த்த கரித்துண்டு சரியாக உட்கார்ந்தபோது நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். என் வீட்டுக்காரர் உங்கள் அடுப்பிலேயே இரும்பைக் காய்ச்சி ஈயம் வைத்து ஒயரைப் பற்றவைத்தார். மூடப்போனால் இன்னொரு தொல்லை. ஸ்பிரிங் கரித்துண்டை வெளியே தள்ளியது. ஒன்றை அமுக்கினால் மற்றொன்று எகிறியது. நீங்கள் உங்கள் கொண்டையிலிருந்து ஊசிகளை உருவிக் கொடுத்தீர்கள். அவற்றைச் செருகி ஸ்பிரிங்கை நிறுத்தி, உருளையை உள்ளே விட்டு, பிறகு ஊசிகளை இழுத்தோம். கச்சிதமாக மூடிக்கொண்டது. உங்கள் முடி முதுகில் அவிழ்ந்து விழுந்தது. அதை முடியக்கூட உங்களுக்கு நேரம் இல்லை.

மறுபடி நான் உள்ளே கவிழ்ந்தேன், மறுபடி "பன்னெண்டு", மறுபடி "டேய்". எல்லாம் பூட்டியாயிற்று. முழங்கால் தண்ணீர்வரை அதைத் தள்ளிக்கொண்டு போனோம். உங்கள் தம்பி மட்டும் கரையில் நின்றார். கலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து தண்ணீர் ஓரத்தில் நின்றாள். 

சேகர் பட்டனைத் தொட்டார். ஸ்டாட்டர் "உர்ர்" என்றது. அவர் கையை எடுத்துவிட்டார். இன்னொரு தடவை தொட்டார், "உர்ர்ர்", கையை எடுத்துவிட்டார். பயம். மறுபடி அந்த வாடை வந்துவிடுமோ, இதுவும் கருகிவிடுமோ என்று பயம். அவ்வளவு நாள் ஏமாந்த பிள்ளை அப்படித்தான் செய்யும். நான் உங்களைப் பார்த்தேன், நீங்கள் சொல்லட்டும் என்று. நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றீர்கள். அன்று முழுவதும் ஓயாத உங்கள் வாய் அந்த நேரத்தில் அடைத்துப் போய்விட்டது. இனி யார் மூலமாகச் சொல்வது?

"விடாத! அமுக்குடா! அமுக்கிப் பிடிடா!"

என் குரல்தான் அது. எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. சேகர் திடுக்கிட்டு அமுக்கினார். உர்ர்ர்ர் என்று சுற்றிக்கொண்டே போனது, ஒரு தும்மல், இன்னொரு தும்மல், குப்பென்று நீலப்புகை, அப்புறம் அந்தச் சத்தம்! கடற்கரையில் இருந்த காக்கையெல்லாம் எழும்பிப் பறந்தன. கலா அப்போதுதான் அழுதாள், "அம்மா, அம்மா" என்று. என் வீட்டுக்காரர் சட்டையோடு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் என்னைக் காட்டி, "மாப்பிள்ளைய டா போட்டுட்டாங்க! எங்க சம்பந்தி மாப்பிள்ளைய டா போட்டுட்டாங்க!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள்.

நான் வெட்கத்தில் செத்தேன். சேகர்தான் திரும்பிப் பார்த்து, "அத்த, ஏறுங்க" என்றார். என்னிடம், நேராக. நான் மாட்டேன் என்றேன். உங்களைப் பிடித்துத் தள்ளினேன். பூப்போட்ட பாத்தேக் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவிழ்ந்த முடியோடு நீங்கள் மகன் பின்னால் ஏறி உட்கார்ந்தீர்கள். ஓட்டல் முன்னால் போய் ஒரு வளையம் அடித்து வந்தீர்கள். அங்கே குடையடியில் சாய்ந்து கிடந்தவர்களைப் பார்த்துக் கத்தினீர்கள்: "எங்க சம்பந்தி கை வெச்ச மெசினு! பாத்துக்குங்க!" அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அதனால் என்ன? எனக்குத் தெரியுமே. பாயசத்துக்கும் இரண்டாம் பந்திக்கும் சேர்த்து அந்தக் கத்தலில் கழித்துவிட்டேன். நாற்காலிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பாக்கி வைத்திருக்கிறேன்.

நீங்கள் கரைக்கு வந்து இறங்கிய பிறகுதான் அது நடந்தது. எல்லோரும் சேகரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் தம்பியை யாரும் பார்க்கவில்லை. அவருக்கு அது பொறுக்கவில்லை. எந்த விஷயத்திலும் தனக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது அவருக்கு. சிகரெட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"பெரிய அதிசயமா? ஸ்டாட்டர்தான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். டக்குனு சத்தம் கேட்டப்பவே தெரியும்."

எஞ்சின் சத்தத்தில் சேகருக்கு அது கேட்கவில்லை. கலாவுக்கும் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டது, எனக்குக் கேட்டது. ஈரக் கைலியோடு நின்றபடி நீங்கள் அவரை மேலும் கீழும் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் இருந்த சிரிப்பு எப்படி இறங்கியது என்பதை நான் பார்த்தேன். தெரிந்தேதான் ஜாம் என்று சொல்லியிருக்கிறார். மெசின் கைக்கு வரவேண்டும் என்பதற்காகச் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் சிங்கப்பூர், அதற்காகத்தான் ஏஜெண்ட். அப்பன் முகம் பார்க்காமல் வளர்ந்த அக்கா மகனை, இன்னொரு பிள்ளைக்கும் அப்பன் முகம் இல்லாமல் போகிற மாதிரி அனுப்பப் பார்த்திருக்கிறார்.

"லாரிய எடுத்துக்கிட்டுப் போடா" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். வெறும் லாரி ஆடிக்கொண்டு போனது.

சேகர் எங்கும் போகவில்லை. கலாவுக்கு வலி எடுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து நடந்து நர்சிடம் திட்டு வாங்கியது அவர்தான். பெண் பிள்ளை பிறந்தது, முதலில் பார்த்ததும் அவர்தான். அந்தக் கரித்துண்டு நாம் நினைத்ததைவிட வெகுநாள் ஓடியது. பிறகு ஒரிஜினல் ஸ்டாட்டர் வந்தது, இரண்டாவது ஜெட் ஸ்கி வந்தது, படகு வந்தது. சேகரை டா போடுவதை அன்றோடு விட்டுவிட நினைத்தேன், முடியவில்லை. இன்றுவரை "டா"தான். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. பேத்தி சிரிக்கிறாள். நீங்கள் போன பிறகு, அவரை அப்படிக் கூப்பிட வீட்டில் வேறு ஆள் இல்லை. அதனால் உங்கள் பங்கையும் சேர்த்து நானே கூப்பிடுகிறேன். உங்கள் எருமையையும் அவ்வப்போது சேர்த்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அடுத்த தீபாவளிக்கே தம்பிக்கு முறுக்குக் கொடுத்து அனுப்பினீர்கள். "சேகருக்குத் தெரிய வேணாம், சம்பந்தி. ஒரே வயித்துல பொறந்தவன். விட்டுருங்க" என்றீர்கள். சேகருக்குத் தெரிய வேண்டாம் என்றீர்கள், சரி, அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். விட்டுவிடுங்கள் என்றீர்கள். அதற்கு நான் சரி என்று சொல்லவில்லை. நீங்கள்தான் சொன்னதாக எடுத்துக்கொண்டீர்கள்.

உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று அவர் வந்திருந்தார். முதுகு கூனிப்போய்விட்டது. என் முன்னால் வந்து கையைக் கூப்பி, "அக்காவே போயிடுச்சு, இனிமே நமக்குள்ள என்னாங்க இருக்கு?" என்றார். சாவு வீடு, வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும், கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றேன். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். 

நீங்கள் மன்னித்தது உங்கள் தம்பியை. அது உங்கள் உரிமை, நான் குறுக்கே வரவில்லை. நான் மன்னிக்காமல் இருப்பது வேறொரு ஆளை. என் மகளைச் சட்டையை மடித்துக்கொண்டு அழாமல் உட்கார வைத்த, அந்த மெசினில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் பொய் சொன்ன ஆளை. அந்த ஆளுக்கு ஒரு பேர் இருக்கிறது. இந்த மடல் முழுக்க உங்கள் முகத்துக்காக அதை எழுதாமல், உங்கள் தம்பி என்றே எழுதிவந்தேன். இனி எழுதுகிறேன்.

தனபாலன்.